கரிசல் என்று சொன்ன பெருச்சாளி

நகரத்தில் ஒரு பரோட்டா கடைக்குப் பின்னால் குப்பைமேடு இருந்தது. அங்கே ஒரு செவலைக் கோழி தன் குஞ்சுகளோடு இரை கிளறி வந்தது. அதே மேட்டில் ஒரு பெருச்சாளியும் குடியிருந்தது. கோழியைப் பார்த்தாலே அதற்கு வயிற்றெரிச்சல்.

ஒருநாள் அது குழைந்து பேசியது.

"தங்கச்சி, பச்சைப் பிள்ளைங்கள வச்சுக்கிட்டு இந்தக் குப்பையில ஏன் கஷ்டப்படுறே? அந்தத் தகரக் கொட்டகைக்குப் பின்னால போய்ப் பாரு. கன்னங்கரேல்னு மண்ணு! அசல் கரிசல்!"

கரிசல் என்றதும் கோழிக்குத் தலைகால் புரியவில்லை. கரிசலில் புழுவுக்குப் பஞ்சமா? குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஓடியது. மண் கருப்பாகத்தான் இருந்தது.

அப்போது வேலி ஓரத்து ஈர மண்ணிலிருந்து ஒரு மண்புழு தலையை நீட்டியது.

"அக்கா! அங்க கிளறாதீங்க!"

"என்ன துணிச்சல் உனக்கு! நான் கோழி, தெரியுமில்ல?"

"தெரியும்! பயத்துல உடம்பே சுருங்குது. ஆனா அது கரிசல் இல்லக்கா. முன்னால இந்தக் கொட்டகையில பழைய பேட்டரிய உடைச்சு ஈயம் எடுத்தாங்க. அதுல இருந்த அமிலத்தையும், வண்டிங்கள்ல வடிச்ச பழைய ஆயிலையும் மண்ணுலயே ஊத்தினாங்க. அந்தக் கருப்புதான் இது. அங்க இருந்த என் சொந்தபந்தம் ஒண்ணுகூடப் பிழைக்கல!"

கோழி உற்றுப் பார்த்தது. ஒரு புல் இல்லை. ஓர் எறும்பு இல்லை. அதற்குள் கடைக்குட்டிக் குஞ்சு அந்த மண்ணைக் கொத்தக் குனிந்தது! கோழி பாய்ந்து அதை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது.

குப்பைமேட்டுக்குத் திரும்பியதும் நேராகக் கேட்டது.

"அண்ணே, அவ்வளவு நல்ல மண்ணுன்னா நீங்க ஏன் அங்க வளை தோண்டல?"

பெருச்சாளி திருதிருவென்று விழித்தது. "அது... அந்த ஆயில் நாத்தம் எனக்கு ஒத்துக்காது தங்கச்சி."

"கரிசல்ல ஏதுண்ணே ஆயில் நாத்தம்?"

பெருச்சாளி சட்டென்று வளைக்குள் நுழைந்துகொண்டது.

சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்தப் புழுவை எப்படிப் பாராட்டுவது! தன்னைத் தின்னக்கூடிய கோழியின் பிள்ளைகளுக்காக அது தலையை நீட்டியதே! அன்று முதல் கோழி தன் குஞ்சுகளுக்கு ஒரு சட்டம் போட்டது: "எங்க வேணா கொத்துங்க, அந்தக் கருப்பு மண்ணுலயும் புழு இருக்கிற வேலி ஓரத்துலயும் மட்டும் அலகு வைக்கக் கூடாது!"

மண்ணின் நிறத்தைப் பார்த்து மயங்காதே. அதில் ஒரு புழுவாவது உயிர் வாழ்கிறதா என்று பார்.