சேதிராயர் கோளில் நாற்பது குழிகள்

வெண்கோட்டை மன்னர் சேதிராயருக்குத் தற்பெருமை கொஞ்சம் அதிகம். புதுத் தொலைநோக்கியில் ஒரு குறுங்கோள் தெரிகிறது என்றதும் அதற்குத் தம் பெயரையே வைத்துவிட்டார். கோள்களிலேயே குள்ளமானது அது என்று சொல்ல அவையில் ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. விதூஷகன் மாசிலாமணி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

அதைத் தலைமை அமைச்சரான பிரதானி திருமேனிநாதர் பார்த்துவிட்டார்.

"அரசே, கோளில் நாற்பது குழிகளும் ஒரு மலையும் இருக்கின்றன. மாசிலாமணியே பெயர் வைக்கட்டும். பொருந்தாத பெயர் ஒன்று இருந்தாலும் அவனை நாடு கடத்திவிடுங்கள்" என்றார்.

"நாளைக்கே வேண்டும்!" என்றார் மன்னர்.

நாடு கடத்தலுக்குப் பயந்து மாசிலாமணி அவையைவிட்டு நழுவினான். வீட்டுக்குப் போனால் வாசலில் கூட்டம். "பெரிய குழி எனக்கு" என்றார் சேனாதிபதி. "மலை எங்களுக்கு" என்றார்கள் புலவர்கள். காற்றும் தண்ணீரும் இல்லாத பள்ளத்துக்கு இத்தனை அடிதடியா? அவனுக்கு வந்த ஆத்திரத்தில் பயம் போன இடம் தெரியவில்லை.

மறுநாள் அவையில் ஓலையை விரித்தான்.

"மொட்டையாக நிற்கிறது, ஒரு புல்லும் முளைக்கவில்லை. ஆகவே அது புலவர் மலை."

புலவர்கள் பூரித்துப்போனார்கள். முதல் பாதி அவர்கள் காதில் ஏறவே இல்லை.

"ஆகப் பெரிய குழி, திருமேனிநாதர் குழி."

பிரதானி மீசையை முறுக்கினார்.

"இரண்டாவது, திருமேனிநாதர் குழி. மூன்றாவது, திருமேனிநாதர் குழி. நான்காவது..."

"நிறுத்து! நாற்பதுக்கும் இவர் பெயரா? இதில் என்ன பொருத்தம்?" என்று மன்னர் சீறினார்.

"குளத்துக்கு வெட்டியவர் பெயரை வைக்கிறோம், அரசே. குழிக்குப் பறித்தவர் பெயர்தானே பொருத்தம்? முதல் குழி பழைய தளவாய்க்குப் பறித்தது. பாவம், சிறையில் கிடக்கிறார். இரண்டாவது அரண்மனை வைத்தியருக்கு. ஊரைவிட்டே ஓடிவிட்டார். நாற்பதாவது, நேற்று எனக்கு. இவர் சொன்ன கோள் எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் இவர் பறித்த குழியும் உண்டு!"

பிரதானியின் முகம் வெளிறியது.

மன்னருக்கோ வேறு கவலை. "அது இருக்கட்டும். என் கோளில் எனக்கு ஒரு குழிகூட இல்லையா?"

"இவர் சொன்னதை நம்பி நாற்பதிலும் விழுந்தவர் தாங்கள்தான், அரசே. ஆனால் விழுந்தவர் பெயரைக் குழிக்கு வைக்கும் வழக்கம் எங்கும் இல்லையே!"

மன்னர் முகம் சிவந்து, கறுத்து, கடைசியில் வெடித்துச் சிரித்தார். உச்சிப்பொழுதுக்குள் தளவாய் வெளியே வந்தார். அவர் காலிசெய்த அறைக்குத் திருமேனிநாதர் குடிபோனார்.