கடைசி லாரிக் கலவை

தார்க் கலவையைச் சோதிப்பதை நாச்சியப்பனுக்குக் கற்றுக்கொடுத்தவர் பேராசிரியை ஆக்னஸ். அவன் தரம் பார்த்துக் கையெழுத்திட்ட புறவழிச் சாலையில், முதல் மழையிலேயே ஒரு பள்ளம் விழுந்தது. பூங்கோதை என்ற செவிலி ஸ்கூட்டரோடு அதில் விழுந்து இறந்துபோனாள். பத்தாம் நாள் அவன் அந்தச் சாலையின் சோதனை அறிக்கையை எடுத்துக்கொண்டு ஆசிரியையிடம் போனான்.

"நூற்றிருபது மாதிரி எடுத்தோம் மேடம். சராசரி அருமையா இருக்கு. அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?"

ஆக்னஸ் அறிக்கையை வாங்கவில்லை. "வா, போய்ப் பார்ப்போம்" என்றார்.

பள்ளத்தில் யாரோ ஒரு வேப்பங்கொப்பை நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். நாச்சியப்பன் அதைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்தான்.

பள்ளத்து விளிம்பிலிருந்து ஒரு ஜல்லியைப் பெயர்த்து ஆக்னஸ் அவனிடம் கொடுத்தார். நகத்தால் தொட்டதும் தார் தோலாக உரிந்து வந்தது. உள்ளே கல்லின் மேல் மாவாய்த் தூசி. சற்றுத் தள்ளிச் சாலையோரத்தில் இன்னொரு ஜல்லியைப் பெயர்த்துக் கொடுத்தார். எவ்வளவு சுரண்டியும் அதில் தார் விடவில்லை.

"பள்ளத்துல இருக்கிறது வேற குவாரிக் கல்லு" என்றான் மெதுவாக.

"எப்போ வந்தது?"

அவன் யோசித்தான். "ஒருநாள் சாயங்காலம் நம்ம குவாரியில கல்லு தீர்ந்துபோச்சு. கடைசி ஒரு லாரிக் கலவைக்கு மட்டும் வெளியிலிருந்து வாங்கினாங்க."

"அதிலே மாதிரி எடுத்தியா?"

"அன்னைக்கு எடுக்க வேண்டியதை மத்தியானமே எடுத்து முடிச்சிட்டோம், மேடம்."

அப்போது ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சவரம் செய்யாத முகம். கையில் புதிதாக வெட்டிய ஒரு வேப்பங்கொப்பு.

"ரோட்டாபீஸா சார்? பார்க்கிறதைப் பாருங்க. போறப்ப மட்டும் கொப்பை மறுபடி நட்டுட்டுப் போங்க. வாடிப்போனா வண்டிக்காரங்க கண்ணுல படமாட்டேங்குது. அதான் தினம் மாத்துறேன்."

"நீங்க..." என்றான் நாச்சியப்பன்.

"பூங்கோதை என் சம்சாரம்."

நாச்சியப்பன் புதுக் கொப்பை அவரிடமிருந்து வாங்கித் தானே நட்டான். அது இரண்டு முறை சாய்ந்தது. அவர் குனிந்து, சுற்றிலும் கல்லை அண்டக்கொடுத்து நிமிர்த்தினார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

தனக்கே சொல்லிக்கொள்வது போல் நாச்சியப்பன் சொன்னான்.

"ஆறு கிலோமீட்டர் ரோடு மேடம். அதிலே அந்த ஒரு லாரிக் கலவை போட்ட இந்த நூறு அடிதான் மோசம்."

"அந்தப் பொண்ணு விழுந்தது இந்த நூறு அடியிலதான், நாச்சி."