பெயர் மறைத்த படம்

அருளப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. ஆபரேஷன் செய்கிற டாக்டர். கை லேசாக நடுங்க ஆரம்பித்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஸ்கேன் படம் பார்க்கக் கற்றுக்கொள்ள டாக்டர் மெஹருன்னிசாவிடம் வந்து சேர்ந்தார். அந்தம்மாவுக்கு நாற்பத்தொன்று. குரு சிஷ்யரை ‘சார்’ என்பார். சிஷ்யர் குருவை ‘மேடம்’ என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இல்லை.

வயிற்றுக்குள் ஓடுகிற பெரிய ரத்தக்குழாய் சிலருக்கு ஓரிடத்தில் பை மாதிரி வீங்கிவிடும். வெடித்தால் ஆள் இல்லை. அதனால் தொடை வழியாக, கம்பி வலை கோத்த துணிக்குழாய் ஒன்றை உள்ளே அனுப்பி விரித்துவிடுவார்கள். ரத்தம் அதற்குள்ளே போகும். வெளியே உள்ள வீக்கம் பட்டினி கிடந்து சுருங்க வேண்டும். சுருங்குகிறதா, எங்காவது கசிந்து மறுபடியும் வீங்குகிறதா என்று வருடா வருடம் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். உயிர் உள்ளவரை.

மாசிலாமணி அப்படி வருகிறவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தத் தடவை சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“என்ன பெரியவரே, பையில புதையலா?” என்றார் அருளப்பன்.

“கப்பல் டிக்கெட்டு டாக்டரே. வியாழக்கிழமை அந்தமானுக்கு. முப்பது வருசம் ஊருக்கெல்லாம் டிக்கெட்டு கிழிச்சேன். எனக்குன்னு வாங்கினது இதான் மொதல்.”

“அங்க யார் இருக்கா?”

“பொண்ணு. எனக்குப் பிடிக்காத எடத்துல கட்டிக்கிட்டுப் போனா. ஏழு வருசம் பேச்சில்ல. போன மாசம் போன் பண்ணி, பேத்தியப் பேச வுட்டா. ‘தாத்தா, நீ எப்ப வருவே’ன்னுச்சு.” சட்டைப்பையை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். “போலாம்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க டாக்டரே.”

படம் வந்தது. வீக்கத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். எதிர் ஓரத்தில் ஒரு புள்ளி. நடுவில் உள்ள தூரத்தைக் கம்ப்யூட்டர் சொல்லும். குழாய் வைத்தபோது ஐம்பத்து நான்கு மில்லிமீட்டர். அதற்கு மேல் ஐந்து கூடிவிட்டால் ஆளை விடக் கூடாது. அதிலும் நாள்கணக்கில் கடலில்.

அருளப்பன் அளந்தார். ஐம்பத்தேழு.

“மூணுதான் மேடம் கூடியிருக்கு. கசிவும் தெரியல. போகச் சொல்லிடலாமா?”

மெஹருன்னிசா படத்தைப் பார்க்கவில்லை. சிஷ்யர் முகத்தைப் பார்த்தார்.

“நாளைக்குச் சொல்லலாம் சார்.”

மறுநாள் காலை ஒன்பது பேருடைய படங்களை வரிசையாக எடுத்து வைத்திருந்தார். பெயர் வருகிற மூலையில், திரைமேல் காகிதம் ஒட்டியிருந்தது.

“என்ன மேடம், கண்ணாமூச்சியா?”

“அளந்து எழுதுங்க சார். யாருன்னு கேக்காதீங்க.”

பெயர் இல்லாவிட்டால் எல்லார் வயிறும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அருளப்பன் அளந்தார், தாளில் எழுதினார். ஒன்பதும் முடிந்ததும் அந்தம்மா ஆறாவது படத்துக்குப் போய்க் காகிதத்தை உரித்தார்.

மாசிலாமணி.

தாளில் ஆறாவது வரியில் இருந்தது அறுபது.

“புதுசா எடுத்தீங்களா?”

“நேத்து எடுத்த அதே படம் சார்.”

நேற்று வைத்த புள்ளிகளையும் திரையில் கொண்டுவந்தார். இரண்டும் ஓரத்தை விட்டு ஒரு நூல் உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தன.

“கை நடுங்கியிருக்கும் மேடம்.”

“நடுங்கினா ஒண்ணு உள்ள போகும், ஒண்ணு வெளிய போகும். ரெண்டும் உள்ளதான் இருக்கு.”

அருளப்பன் திரையை விட்டு வெளியே பார்த்தார்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மாசிலாமணி காத்திருந்தார். பக்கத்தில் இருந்த அம்மாளிடம் ஒரு சின்ன மஞ்சள் கவுனை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். “அஞ்சு வயசுக்கு இது பத்துமாம்மா? நான் பாத்ததில்ல, அதான் கேக்கறேன்.”

“அப்போ வியாழக்கிழமை இல்ல,” என்றார் அருளப்பன்.

“இல்ல சார். அட்மிட் பண்ணி, எங்க கசியுதுன்னு தேடணும்.”

“நானே சொல்லிடறேன்.” எழுந்தார். கதவுவரை போனவர் திரும்பினார். “அந்தாளு போகணும்னு நான் ஆசைப்பட்டது தப்பா மேடம்?”

மெஹருன்னிசா போன வருடத்துப் படத்தைத் திறந்தார். அதிலும் இரண்டு புள்ளிகள். இரண்டும் ஓரத்தை விட்டு உள்ளே.

“இது யார் அளந்தது?” என்றார் அருளப்பன்.

“நான்தான். அன்னிக்கு அவர் பொண்ணோட நம்பரைக் காட்டி, ‘கூப்பிட்டா எடுப்பாளாம்மா’ன்னு கேட்டுட்டுப் படுத்தார். அதனாலதான் சார் இந்த வருசம் உங்ககிட்ட குடுத்தேன். உங்களுக்கு அவரைத் தெரியாதுன்னு நெனச்சேன்.”