இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள்

செண்பகவல்லி இருபது வருடம் அரசு மருத்துவமனையில் மனநல ஆலோசகராக இருந்தார். பிறகு வேலையை விட்டுவிட்டு நாவல் எழுத உட்கார்ந்தார். தன் ஊர் கிராமசபை கூடும் நாளில் மட்டும் பேனாவைத் தொடமாட்டார். காலையிலேயே கூட்டத்துக்குப் போய்விடுவார்.

அவரிடம் எழுதக் கற்றவர் அருணகிரி. பக்கத்து ஊர்க்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

அருணகிரி தன் முதல் நாவலை ஒரு வாரம் முன்பே படிக்கக் கொடுத்திருந்தார். அன்று முன்னுரை வாங்க வந்தார். மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும்.

அருணகிரியின் ஊர் மே தினக் கிராமசபையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தீர்மானப் புத்தகத்தின் வெற்றுப் பக்கங்களில் கையெழுத்துப் போட்டார்கள். கண்மாய்க் கரையில் நகரத்துக் குப்பையைக் கொட்டச் ஊர் சம்மதிப்பதாகப் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறகு அதில் எழுதிக்கொண்டார்கள். அதுதான் நாவல்.

“ஆட்டு மந்தை,” என்றார் அருணகிரி. “எழுதாத தாளில் எவனாவது கையெழுத்துப் போடுவானா? நீங்க படிச்ச மனோதத்துவம் இதுக்கு என்ன சொல்லுது டாக்டரம்மா?”

செண்பகவல்லி ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

“அடியில ஒரு கையெழுத்துப் போடுங்க சார். முன்னுரைக்கு வேணும்.”

போட்டார்.

கையெழுத்துக்கு மேலே செண்பகவல்லி எழுதினார்: ‘இந்த நாவலைக் கிழித்துப்போட முழு மனதோடு சம்மதிக்கிறேன்.’ தாளை அருணகிரியின் பக்கம் திருப்பினார்.

அருணகிரியின் முகம் கறுத்தது. “மோசடி அம்மா இது. நாலு வருஷ உழைப்பு.”

“எதுக்குப் போட்டீங்க?”

“நீட்டினது நீங்க. உங்ககிட்ட என்ன ஏதுன்னு கேட்பேனா?”

“அங்கே புத்தகத்தை நீட்டினது யாரு?”

அருணகிரி ஜன்னலைப் பார்த்தார்.

“கேட்டது காதில விழுந்துதா சார்?”

“பஞ்சாயத்து கிளார்க் என் கையில கொடுத்தான். கூட்டத்துக்கு வந்ததுக்கு அடையாளம்னு சொன்னான். நானும் அப்படியே சொல்லி, வரிசையாக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினேன்.”

“அதில பாதிப் பேருக்குப் பேரெழுதக் கத்துக்கொடுத்ததே நீங்கதான்.”

“ஆமா.”

“முந்நூறு பக்கத்தில நீங்க எத்தனாவது பக்கத்தில வர்றீங்க?”

“அது கதைக்குத் தேவைப்படலை.”

செண்பகவல்லி எழுந்துவிட்டார். சம்மதத் தாளை நான்காகக் கிழித்தார். நாவல் கட்டைத் தூக்கி அருணகிரியின் மடியில் வைத்தார்.

“ஆகஸ்ட் பதினஞ்சுக்கு உங்க ஊர்ல மறுபடி கூடுவாங்க. போய் எழுந்து நின்னு இதைப் படிங்க. திட்டியிருக்கிற வரியெல்லாம் சத்தமாப் படிங்க. கடைசிவரைக்கும் கேட்டுட்டு, முன்னுரையை அவங்க எழுதட்டும்.”