பொங்கியண்ணன் வீட்டுத் தேக்குச் சுவர்

“நாலாவது வீடும் காலியாகப் போகுதுங்க டீச்சர்” என்றார் குமரவடிவேல்.

தமயந்தி நிமிரவில்லை. மேசைமேல் திரைச்சீலைத் துணி விரிந்து கிடந்தது. கத்திரி அதன்மேல் நடந்துகொண்டிருந்தது.

“ஞாயித்துக்கிழமை லாரி வருதாம். பெட்டியெல்லாம் கட்டிட்டாங்க.”

கத்திரி நடந்தது.

குரு தமயந்திக்கு வயது முப்பத்து நாலு. சீடருக்கு ஐம்பத்தொன்று.

குரு ஒரு காலத்தில் ஜாக்கெட் தைத்தவர். தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் திரைச்சீலை கேட்டார்கள். பிறகு மெத்தை உறை கேட்டார்கள். பிறகு, வீட்டையே நீங்கள்தான் பார்த்துச் செய்து தர வேண்டும் என்று உட்கார்ந்துகொண்டார்கள். அவர் செய்து கொடுத்த வீட்டைவிட்டு யாரும் கிளம்பியதில்லை என்று கோயமுத்தூரில் ஒரு பேச்சு.

சீடர் இருபத்தைந்து வருஷம் பெரிய ஓட்டல்களுக்கு உள் அலங்கார வேலை செய்தவர். பிறகு வீடுகளுக்கு வந்தார். மூன்று வீடு செய்தார். மூன்றும் பத்திரிகையில் படத்தோடு வந்தன.

மூன்றிலும் ஆறு மாதம் தாண்டி ஆள் இல்லை.

ஒன்றைப் படப்பிடிப்புக்கு விட்டார்கள். ஒன்று பூட்டிக் கிடக்கிறது. மூன்றாவதில் வாட்ச்மேன் மட்டும் சந்தோஷமாக இருக்கிறார்.

நாலாவது வீட்டு வேலை நடக்கும்போதுதான் குருவிடம் வந்து சேர்ந்தார். “ஆளுங்க இருக்கிற மாதிரி ஒரே ஒரு வீடு செஞ்சுட்டாப் போதுமுங்க” என்று சொல்லிச் சேர்ந்தார். இதுவும் காலியானால் இந்தத் தொழிலுக்கே கும்பிடு என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் இன்று கிளம்பி வந்திருந்தார்.

“அவங்க பழக்கவழக்கம் தெரியாம நான் ஒண்ணும் செய்யலீங்க.” பையிலிருந்து தாள்களை எடுத்தார். “பதினோரு பக்கம். எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க, எங்க உக்காந்து காபி குடிப்பீங்க, விருந்தாளிங்க எத்தனை பேரு, அத்தனையும் கேட்டு எழுதி வாங்கியிருக்கேன். இதோ, ஒன்பதாவது பக்கம். ‘எங்களுக்கு அமைதி வேண்டும்.’ குடுத்தேன். ஊசி விழுந்தாக் கேக்கும்.”

குரு கத்திரியை வைத்தார்.

“உங்க கழுத்து அளவு என்னங்க?”

“பதினாறுங்க.”

“நல்லாத் தெரியுமா?”

“முப்பது வருஷமாப் பதினாறுதானுங்க.”

குரு அளவு நாடாவை எடுத்தார். சீடரின் கழுத்தைச் சுற்றிப் போட்டார். நாடாவைப் பிடித்த இடத்தை அவர் கண்ணுக்கு நேரே காட்டினார்.

பதினேழரை.

“பொய் சொன்னீங்களா?”

“ஐயோ, இல்லீங்களே!”

“அவங்களும் பொய் சொல்லலை.”

கத்திரி மறுபடி நடந்தது.

சீடர் சட்டையின் மேல் பொத்தானைத் தடவிக்கொண்டார்.

“நான் இப்ப என்னங்க செய்யறது?”

“போயி ஒரு நாள் அவங்ககூட இருங்க. கேள்வி மட்டும் கேக்காதீங்க.”

*

எட்டு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. எல்லாம் மூன்று தளம். கோடீஸ்வரர்கள் வாங்குகிற வரிசை வீடுகள்.

கடைசி வீடு பொங்கியண்ணனுடையது. குமரவடிவேல் செய்த நாலாவது வீடு அதுதான். கிரைண்டர் கம்பெனி முதலாளி. அவரும் மனைவி சரசாத்தாளும் ஒரு தகர ஷெட்டில், ஒரே ஒரு மெஷினோடு ஆரம்பித்தவர்கள்.

உள்ளே நுழைந்ததும் குமரவடிவேலின் கண் முதலில் தேக்குச் சுவருக்குத்தான் போனது. எப்போது வந்தாலும் அப்படித்தான்.

கீழ்த்தளத்துச் சமையலறையிலிருந்து மேல் தளத்துப் படுக்கையறை வரை, மாடிப்படி கண்ணில் படாதபடி மூடி நின்றது அது. பட்டை பட்டையாக இழைத்த தேக்கு. நாலு ஆசாரிகள், நாலு மாதம். ஓர் ஆணித்தலை தெரியாது. நகம் நுழைய இடுக்கு கிடையாது.

தன் பிள்ளையைப் பள்ளிக்கூட மேடையில் பார்ப்பது மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வாங்க” என்றது ஒரு குரல். அவ்வளவு மெதுவாக.

சரசாத்தாள் நின்றிருந்தார். “சாப்பிடறீங்களா?” அதுவும் மெதுவாக. தொட்டிலில் பிள்ளை தூங்கும் வீட்டில் பேசுவதுபோலப் பேசினார். அந்த வீட்டில் தொட்டிலும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரே மகள். திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

சுவரில் இருந்த இன்டர்காம் பொத்தானை அமுக்கி, “இட்லி வெச்சாச்சுங்க” என்றார்.

“ம்” என்றது பொத்தான்.

பொங்கியண்ணன் இறங்கி வந்தார். கதவு சத்தமில்லாமல் திறந்தது. சத்தமில்லாமல் மூடியது. உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார்.

“சட்னில உப்பு…”

“என்னங்க?”

“ஒண்ணுமில்லை.”

அவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டார்.

குமரவடிவேலுக்குக் கேள்வி கேள்வியாக வந்தது. எல்லாவற்றையும் இட்லியோடு சேர்த்து விழுங்கினார்.

மத்தியானம் சரசாத்தாள் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினார். குமரவடிவேலும் கூடவே போனார்.

அன்றன்று முடிந்த கிரைண்டர்களை வரிசையாக நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். அன்றைக்கு முப்பது ஓடின. காதுக்குள் கல் உருண்டது.

சரசாத்தாள் வாசலில் கால் வைத்ததும் கேரியரைத் தூக்கிப் பிடித்தார். வாயைத் திறந்தார்.

“ஏனுங் மாமா! ஏழாவது கல்லு அழுவுது, கேக்குதுங்களா!”

குமரவடிவேல் திடுக்கிட்டுத் திரும்பினார். அந்த உடம்பிலிருந்தா அந்தக் குரல்!

ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து பதில் வந்தது. “உன்னைப் பாத்துப் பயந்து அழுவுது!”

“காலையில என்னமோ உப்புன்னு சொல்ல வந்தீங்க, முழுங்கிட்டீங்க!”

“சொன்னா மட்டும் போட்டுருவியாக்கும்!”

“போட்டாச்சு! காலையில உப்பு, இப்பத்த உப்பு, ரெண்டையும் ரசத்துல போட்டாச்சு! குடிச்சுட்டு ராமேஸ்வரம் போயிட்டு வந்ததா நெனச்சுக்குங்க!”

பொங்கியண்ணன் சிரித்தார். தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டைக்குழி தெரியச் சிரித்தார். வேலை செய்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது தினமும் நடப்பது.

குமரவடிவேல் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவர் முகமே பெரிய கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

“என்னங்க சாமி அப்படிப் பாக்கறீங்க!” என்று சரசாத்தாள் அவர் காதுக்குள் கத்தினார். “முப்பது வருசமா இந்தச் சத்தத்துல கத்திக் கத்தித்தான் குடும்பம் நடத்தறோம்! மெதுவாப் பேச வராதுங்க எங்களுக்கு! அந்த வீட்டுக்குப் போன புதுசுல ஒரு நா இவரைக் காபிக்குக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டம்மா ஓடி வந்து, ‘அடிச்சுட்டாருங்களா’ன்னு கேக்குது! எனக்கு உசுரே போயிருச்சு! அன்னையிலிருந்து வாயைக் கட்டிக்கிட்டோம்!”

“அடி வாங்கறது நான்னு அந்தம்மாவுக்கு யாரு சொல்றது!” என்றார் பொங்கியண்ணன்.

“அமைதின்னு எழுதுனா மரியாதையா இருக்கும்னு எங்க பொண்ணு சொல்லுச்சுங்க! எழுதிட்டோம்! நீங்களும் குடுத்துட்டீங்க!” சரசாத்தாள் கேரியரைத் திறந்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. “வீடு நல்ல வீடுங்க. குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அங்க எனக்கு இவரு இல்லாத மாதிரியே இருக்குது.”

*

“கண்டுபிடிச்சுட்டேனுங்க டீச்சர்!”

குரு திரைச்சீலைக்கு வளையம் கோத்துக்கொண்டிருந்தார்.

“மேல் தளத்துல சத்தம் வெளிய போகாத மாதிரி ஒரு ரூம் செஞ்சு தர்றேன். நாலு பக்கமும் பஞ்சு வெச்சு அடைச்சிரலாம். அதுக்குள்ள அவங்க எவ்வளவு வேணாலும் கத்திப் பேசிக்கலாம்.”

“நீங்க உங்க வீட்டம்மாகூட எந்த ரூம்லங்க பேசுவீங்க?”

சீடர் யோசித்தார்.

“ரூம்னு இல்லீங்க. நான் குளிச்சுட்டு இருப்பேன். அவ தோசை ஊத்திக்கிட்டு இருப்பா. அங்கிருந்து என்னமோ சொல்லுவா. நான் சோப்போட…”

பாதியில் நின்றுவிட்டார்.

குரு இன்னொரு வளையத்தைக் கோத்தார்.

“அந்த வீட்டுல எதைக் கழட்டுனா உங்களுக்கு வலிக்கும்?”

சீடர் உட்கார்ந்தார். “நாலு மாச வேலைங்க டீச்சர்” என்றார்.

வளையம்.

“பத்திரிகைக்காரங்க அதைத்தானுங்க மொதல்ல படம் புடிச்சாங்க.”

வளையம்.

“ஓர் ஆணி தெரியாதுங்க.”

“சரசாத்தாள் தெரியறாங்களா?” என்றார் குரு.

சீடர் எழுந்து போனார். செருப்பை மாட்ட மறந்து, திரும்பி வந்து மாட்டிக்கொண்டு போனார்.

*

பொங்கியண்ணனும் சரசாத்தாளும் அன்று இரவே ஷெட்டுக்குப் பின்னால் இருந்த பழைய வீட்டுக்குப் படுக்கப் போய்விட்டார்கள். “சாவிங்களா? தாராளமா வெச்சுக்குங்க. எங்களுக்கு எதுக்கு?” என்றார் பொங்கியண்ணன். கோபமில்லாமல் சொன்னார். அதுதான் குமரவடிவேலுக்குச் சுருக்கென்றது.

வியாழக்கிழமை காலை ஆசாரிகள் வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் பெரிய ஆசாரி மாணிக்கம் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

“என்ற கையால சொருகினதை என்ற கையாலயே உருவச் சொல்றீங்களா? வேற ஆளைப் பாருங்க.”

குமரவடிவேல் உளியை எடுத்துக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஏணியில் ஏறினார். முதல் பலகையை அவரே கழற்றினார். அது முனகிக்கொண்டு வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டாவது பலகைக்கு மாணிக்கம் ஏறி வந்துவிட்டார். “தள்ளுங்க, நீங்க ஒடைச்சுப்புடுவீங்க.”

கழற்றிய பலகை ஒன்றையும் வெளியே போடவில்லை. பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர் முழுக்க நாலு விரல் கனத்துக்குப் பஞ்சு அடைத்தார்கள். அதன்மேல் அந்தத் தேக்கையே ஏற்றினார்கள். கதவுகளில் சத்தத்தை அடக்கிய ரப்பரையும், சுவர்களில் இருந்த பொத்தான்களையும் குமரவடிவேல் தானே பிடுங்கினார்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பலகை நகர்ந்தது.

மேல் தளத்துக் கண்ணாடிக் கூரையில் இருந்த வெயில், படி படியாக இறங்கி வந்து, கீழே அடுப்புமேடையில் உட்கார்ந்தது.

இப்படி ஒரு வெயில் இந்த வீட்டில் இருப்பதே குமரவடிவேலுக்குத் தெரியாது. “ஏனுங்க, இதை நாமளா மூடி வெச்சிருந்தோம்?” என்றார் மாணிக்கம்.

*

ஞாயிற்றுக்கிழமை லாரி வந்துவிட்டது. குருவும் வந்திருந்தார். வாசலைத் தாண்டவில்லை. கதவோரம் கைகட்டி நின்றார்.

பொங்கியண்ணன் உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தார். “என்னமோ மாத்தியிருக்கீங்க” என்றார் மெதுவாக. பெட்டிகளைப் பார்க்க மேலே ஏறினார்.

சரசாத்தாள் சமையலறைக்குப் போனார். போகும்போது எல்லாருக்கும் ஒரு காபி போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. இந்தப் பெட்டியைத் திறந்தார். அந்தப் பெட்டியைத் திறந்தார். நிமிர்ந்தார். நேர் மேலே, படிகளுக்கு நடுவில், மேல் தளத்துக் கைப்பிடியில் புருஷன் கை தெரிந்தது.

“மாமா! காபித்தூளை எந்தப் பெட்டியில போட்டீங்க?”

ஷெட்டுக் குரல். முழுக் குரல்.

“நீ கட்டுன பெட்டிக்கு நான் எப்படிப் புள்ள சோசியம் சொல்றது!”

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க!”

“தெரியலை!”

“அதை மெதுவாச் சொன்னா என்ன? காது கிழியுது!”

சொன்ன பிறகுதான் சரசாத்தாளுக்கு நினைவு வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண் பக்கத்துச் சுவருக்குப் போனது. மேலே பொங்கியண்ணனும் அசையவில்லை.

குமரவடிவேல் வெளியே போனார். பக்கத்து வீட்டு மணியை அடித்தார்.

அந்தம்மா கதவைத் திறந்தார். “ஓ, நீங்களா? அவங்க கிளம்பிட்டாங்களா? காலையிலிருந்து ஒரு சத்தமும் காணோமே. பாவம், நல்ல மனுசங்க.”

ஐம்பத்தொரு வயதுக்காரர் வேட்டி தடுக்க ஓடி வந்தார்.

“கேக்கலையாமுங்க!” மூச்சு வாங்கியது. “ஒண்ணுமே கேக்கலையாம்!”

“நெசமாவா?”

“சத்தியமாங்க.”

சரசாத்தாள் கையை எடுத்தார். மாடிப்படிக்கு அடியில் வந்து நின்றார். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டார்.

“மாமா! கேக்கலையாம்!”

“என்னது கேக்கலையாம்?”

“நாம கத்தறதுதான்!”

“எனக்கு நல்லாக் கேக்குதே!”

“உங்களுக்குக் கேட்டாப் போதும்!”

மூன்று தளமும் சிரித்தது. வாசலில் லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். “அண்ணா, ஏத்திரலாங்களா?”

“ஏத்த வேண்டாம்!” என்று மேலிருந்து வந்தது. “இறக்கு தம்பி!”

“இன்னும் ஒண்ணுமே ஏத்தலீங்களே!”

“அப்பச் சும்மா திருப்பு!”

சரசாத்தாள் காபித்தூளைக் கண்டுபிடித்துவிட்டார். அதைக் கத்திச் சொன்னார். எங்கே இருந்தது என்று அவர் கத்திக் கேட்டார். உங்கள் வேட்டிக்கு நடுவில் என்று இவர் கத்திச் சொன்னார்.

குமரவடிவேல் கதவோரம் வந்தார். இருபத்தைந்து வருஷ ஓட்டல் பழக்கம், வாய்க்குள்ளேயே கேட்டார்.

“சரியா இருக்குதுங்களா டீச்சர்?”

குருவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. “என்னங்க?” என்றார், காதைக் கொடுத்து.

சீடர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

“வீடு சரியா இருக்குதுங்களான்னு கேட்டேன்!”

குரு வாயைத் திறப்பதற்குள், மேல் தளத்திலிருந்து பதில் வந்து விழுந்தது.

“இருக்குதுங்க சாமி, இருக்குது! டீச்சரம்மாவைக் கூட்டிக்கிட்டு உள்ள வந்து உக்காருங்க, நானும் கீழ வர்றேன்!”