பெரிய சங்கின் சிவப்பு விளக்கு

ஒரு கம்ப்யூட்டர் ஒரு கல்யாண மண்டபத்தையே அடைத்துக்கொண்டிருந்த காலம். அதற்குள் ஒரு பல்லி பேரன் பேத்தி எடுத்தது. நம்பாதவர்கள் பல்லியைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கம்ப்யூட்டர் வரிசைக்குச் சங்கு என்று பெயர். வடிவமைத்தவர் மரகதம். முதலில் வந்தது சின்னச் சங்கு, அடுத்தது பெரிய சங்கு. சின்னதில் ஓடிய, கணக்குக் கட்டளைகளைப் பொத்தலாகக் குத்திய துளை அட்டைகள் பெரியதிலும் அப்படியே ஓடும் என்று வாங்குபவர்களுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அவருடைய சீடர் நாகலிங்கம், குருவைவிடப் பத்து வயது மூத்தவர்.

அன்று காலை, சின்னச் சங்குக்குப் பதிலாகத் துறைமுகம் வாங்கியிருந்த பெரிய சங்கு சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டது. வெளியே கப்பல்கள் காத்திருந்தன. மதியத்துக்குள் ஓடாவிட்டால் திருப்பி எடுத்துப் போங்கள் என்றார் துறைமுக அதிகாரி.

"என்ன செய்தீர்கள், நாகலிங்கம் சார்?"

"ஒரு தப்பைத் திருத்தினேன், மேடம். இவர்கள் சரக்கைக் கிரேன்களுக்குப் பங்கு போடுகிறார்கள். கிரேன் இல்லாத இடத்தில் சைபரால் வகுக்கச் சொல்கிறார்கள். சின்னச் சங்கு வெட்கமில்லாமல் விடை சைபர் என்று சொல்லிவிட்டு மேலே போகும். பெரிய சங்கு யோக்கியன். நின்றுவிடும்."

"நிற்கிறது."

"அப்போ, இதையும் பொய் சொல்ல வைக்கச் சொல்கிறீர்களா?"

மரகதம் அவருடைய முழங்காலைப் பார்த்தார். "கட்டு இன்னும் பிரிக்கவில்லையா?"

"எல்லாம் நம் ஆபீஸ் படிக்கட்டு பண்ணின வேலை. ஒரு படி மட்டும் உயரமாக இருந்ததே, கொத்தனார் அதை மற்றதோடு சமமாக்கிவிட்டார். நான் வழக்கம்போல் காலைத் தூக்கி வைத்தேன். விழுந்தேன்."

"அவர் செய்தது சரியான வேலைதானே?"

"சரியான வேலைதான்."

"அவரை என்ன சொல்லித் திட்டினீர்கள்?"

நாகலிங்கம் நொண்டிக்கொண்டே போய் மெஷினின் பின்கதவைத் திறந்து, தப்பைத் திருத்தத் தான் சேர்த்திருந்த கம்பியைக் கழற்றினார்.

விளக்கு அணைந்தது. அச்சு இயந்திரம் கடகடவென்று தாளைத் தள்ளியது. ஜன்னலுக்கு வெளியே முதல் கிரேன் அசைந்தது. அதிகாரி எல்லாருக்கும் காபி சொன்னார். சின்னச் சங்கிலிருந்து குடிமாறி வந்திருந்த பல்லிகூடப் பெருமூச்சு விட்டதாகக் கேள்வி.

காபியை ஆற்றிக்கொண்டே நாகலிங்கம் கேட்டார்: "இந்தத் தப்பை என்றைக்குத்தான் திருத்துவது, மேடம்?"

"அதில் பழகிய கால்கள் எல்லாம் ரிடையர் ஆன பிறகு."

"அதற்குள் நானே ரிடையர் ஆகிவிடுவேன்."

"உங்கள் காலையும் சேர்த்துத்தான் சொன்னேன், சார்."