டச்சுத் தட்டில் எறும்பு

நாகப்பட்டினத்தில் பழம்பொருள் கடை வைத்திருந்த தைரியநாதன், வாங்க வந்தவரிடம் அளந்துகொண்டிருந்தார். "முந்நூறு வருஷத்து டச்சுத் தட்டுங்க! இந்தப் பழுப்பு ரேகையெல்லாம் காலம் கீறினது."

கடை பெருக்கும் சலேத்தம்மாள் களுக்கென்று சிரித்துவிட்டாள். முதலாளிக்குச் சுருக்கென்றது. "போலின்னா இப்பவே நிரூபி. இல்லேன்னா நாளைலேர்ந்து வேலைக்கு வராதே!"

அவள் தட்டை வாங்கித் தரையில் வைத்துவிட்டுச் சும்மா நின்றாள். முதலாளி குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். அதற்குள் எறும்புகள் சாரை சாரையாக வந்து ரேகைகளில் மொய்த்துவிட்டன.

சலேத்தம்மாள் சொன்னாள்: "தட்டை ஊறப்போட வாளி நிறைய டீ வாங்கியாரச் சொன்னீங்களே, அப்பவே சர்க்கரை வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே முதலாளி!"